குளவி கூடு கட்டிய ஸ்பிரேயர்

காகா என்று நாங்கள் கூப்பிட்ட விவசாயி ஒரு பூவைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். பருத்திப் பூ விரிந்தால் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் கரிசல்காட்டில் பிறந்தவன். இந்தப் பூ விரியவில்லை. இதழ் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி முறுக்கிக்கொண்டு, சின்ன ரோஜா மாதிரி இருந்தது. பார்க்க அழகுதான். “பிரிச்சுப் பாருங்க” என்றார். நகத்தால் ஓர் இதழை விலக்கினேன். சிலந்தி நூல் போன்ற ஓர் இழை அறுந்தது. உள்ளே மகரந்தத் தூளுக்கு நடுவே, அரை அரிசி நீளம்கூட இல்லாத வெள்ளைப் புழு ஒன்று கறுத்த தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது.

“டோம்களி” என்றார்.

இப்படி மூடிக்கொண்ட பூவுக்கு மராத்தியில் அந்தப் பெயர். புழு இதழ்களைத் தைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். பிறகு காய்க்குள் போகும். வளர வளர உடம்பில் இளஞ்சிவப்பு ஏறும். “குலாபி போண்ட் அளி” என்று மகாராஷ்டிரத்து விதர்பாவில் குழந்தைக்கும் தெரியும். நம் ஊரில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு.

நாங்கள் நின்றது பி.டி. பருத்திக் காடு. இந்த வகைப் புழு கடித்தால் சாக வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கப்பட்ட செடி அது. அந்தச் செடியின் பூவுக்குள் உட்கார்ந்துகொண்டுதான் புழு எனக்குத் தலையாட்டியது.

*

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து சேவாகிராமில் இறங்கியிருந்தோம். நவம்பர் கடைசி. உடன் வந்தவர் ராஜபாளையத்துக்காரர். மில்லுக்குப் பஞ்சு எடுக்க முப்பது வருஷமாக இந்தப் பக்கம் வந்து போகிறவர். வயதில் மூத்தவர், எனக்கு அண்ணாச்சி. ராஜபாளையத்து ராகத்திலேயே இந்தி பேசுவார், மராத்தி பேசுவார், எல்லாருக்கும் புரியும். காந்தி ஆசிரமத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். “அவரு எங்கயும் போயிர மாட்டாரு, பஸ்ஸு போயிரும்” என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வார்தாவிலிருந்து தேவளி, கலம்ப் வழியாக யவத்மாலுக்குப் போகிற பஸ். சன்னலுக்கு வெளியே நம்முடைய கரிசலேதான், அதே வெடிப்பு, அதே கறுப்பு. பருத்தி வரிசைகளுக்கு நடுவே துவரை. இடுப்பில் துணியை மடிகட்டிக்கொண்டு பெண்கள் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விளாத்திகுளம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றும் நேரத்தில் ஊர்ப்பலகையில் நாகரி எழுத்து வந்து கெடுத்தது.

பஸ்ஸுக்குள் ஒரு வாடை அடித்தது. முன் இருக்கைக்காரர் காலடியில் அட்டைப்பெட்டி வைத்திருந்தார், அதிலிருந்து வந்தது. அப்பா மருந்தடித்துவிட்டு வந்த நாட்களில் வேட்டியை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார், வேப்பமரக் கிளையில் தனியாகப் போடுவார். அந்த வேட்டியின் வாடை. நாற்பது வருஷத்துக்குப் பிறகும் மூக்கு மறக்கவில்லை.

*

காகாவுக்கு எட்டு ஏக்கர், மூலையில் ஒரு கிணறு. அண்ணாச்சிக்குப் பழைய பழக்கம். ஊர்ப்பேரும் ஆள்பேரும் வேண்டாம் என்று காகா கேட்டுக்கொண்டார். அதனால் கலம்ப் பக்கத்தில் ஒரு கிராமம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அவர் வீட்டுத் தொழுவத்துச் சுவரில் மூன்று ஸ்பிரேயர்கள் தொங்கின. முதலாவது பித்தளை, களிம்பேறிப் பச்சையாகிவிட்டது. இரண்டாவது முதுகில் மாட்டிக் கையால் அடிக்கிற பிளாஸ்டிக் டேங்க். மூன்றாவது பேட்டரி ஸ்பிரேயர். மருமகளின் செல்போனும் அதுவும் ஒரே பிளக்கில் மாறி மாறி சார்ஜ் ஏறும்.

பித்தளை ஸ்பிரேயரை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இறக்கி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மண்ணால் உருட்டிய குளவிக்கூடு, உதிர்ந்தது போக பாதி ஒட்டியிருந்தது.

“பி.டி. விதை வந்த புதுசுல நாலஞ்சு வருஷம் இதை யாரும் தொடலை. குளவி வந்து வீடு கட்டிருச்சு. எங்க அம்மா கலைக்க விடலை, வீட்டுக்கு நல்லதும்பாங்க.”

பி.டி. பருத்தியைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கூடு இல்லை. ஆனால் கதையின் பாதி அதில்தான் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் இந்தக் கூட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எதிர்ப்பவர்களுக்கு இது கண்ணிலேயே படுவதில்லை.

கூடு வருவதற்கு முந்தைய கதை காகாவின் தலைமுறைக்கு மனப்பாடம். 1990களில் பச்சைக் காய்ப்புழு, அதாவது அமெரிக்கன் காய்ப்புழு, எந்த மருந்துக்கும் அசையவில்லை. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பருத்தி 5 விழுக்காடு அளவுதான், பூச்சிக்கொல்லியில் ஏறத்தாழ பாதி அதற்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு பருவத்தில் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்ததாகக் காகா சொன்னார். புழுவைக் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டதும் உண்டாம். நாங்களும் போட்டிருக்கிறோம், நூறு புழுவுக்கு அப்பா நாலணா தருவார்.

2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு மஹிகோ–மான்சாண்டோவின் மூன்று பருத்தி வீரிய ஒட்டுகளுக்கு அனுமதி கொடுத்தது. மண்ணில் இருக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்ற பாக்டீரியாவின் மரபணு ஒன்றைச் செடிக்குள் வைத்திருந்தார்கள். அது செய்யும் புரதம் இலை, பூ, காய் என்று எங்கும் இருக்கும். புழு தின்றால் குடலின் உள்சுவரில் போய் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். புழு தின்பதை நிறுத்திச் செத்துப்போகும். மனிதனுக்கு அந்தப் புரதம் ஒட்டுகிற இடம் குடலில் இல்லை. அப்போது 450 கிராம் பாக்கெட் 1,600 ரூபாய். சாதாரண விதையைப்போல் பல மடங்கு. காகா முதல் வருஷம் வாங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் ஸ்பிரேயரைத் தூக்காமல் அறுவடை செய்ததைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் கடன் வாங்கி வாங்கினார்.

அந்தக் காலத்தை அளந்தவர்கள் உண்டு. மத்தின் கைம் என்ற ஜெர்மன் பொருளியலாளரும் சகாக்களும் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு நான்கிலும் 2002 முதல் 2008 வரை அதே விவசாயிகளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். பி.டி.யால் ஏக்கருக்கு 24 விழுக்காடு மகசூல் கூடியது, லாபம் 50 விழுக்காடு ஏறியது என்று எழுதினார்கள். மருந்து குறைந்ததால் ஆண்டுக்குப் பல பத்து லட்சம் நஞ்சுத் தாக்கங்கள் தவிர்க்கப்படுகின்றன என்று 2011இல் இன்னொரு கட்டுரையும் வந்தது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. குளவி பொய் சொல்லாது. ஆனால் அவர்கள் கணக்கை மூடியது 2008இல்.

*

“மறுபடி ஸ்பிரேயரை எப்பத் தூக்குனீங்க?” என்று அண்ணாச்சி கேட்டார்.

காகா யோசித்தார். முதலில் வந்தது காய்ப்புழு இல்லை, சாறு உறிஞ்சுகிற கும்பல் என்றார். தத்துப்பூச்சி, அசுவினி, இலைப்பேன், வெள்ளை ஈ, மாவுப்பூச்சி. பி.டி. புரதம் இவற்றை ஒன்றும் செய்யாது, செய்யும் என்று யாரும் சொன்னதும் இல்லை. முன்பு காய்ப்புழுவுக்கு அடித்த மருந்தில் இவையும் சேர்ந்து செத்தன. அந்த மருந்து நின்றதும் இவற்றுக்குக் கொண்டாட்டம். போதாததற்கு பி.டி. என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேலே வீரிய ஒட்டுகள் சந்தைக்கு வந்தன, அவற்றில் பல சாறுறிஞ்சிகளுக்கு எளிதில் இளகிக்கொடுக்கும் ஜாதி. பித்தளை ஸ்பிரேயருக்கு ஓய்வு கொடுத்துவிட்டு பிளாஸ்டிக் டேங்க் வாங்கினார்.

எங்கள் கோவில்பட்டியில் 1901இலிருந்து இருக்கும் ஆராய்ச்சி நிலையம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கருங்கண்ணி நினைவுக்கு வந்தது. நாட்டுப் பருத்தி, இழை கட்டை, மில்லுக்காரர்களுக்கு ஆகாது. ஆனால் சாறு உறிஞ்சுகிற பூச்சியை அது சட்டை செய்யாது. அண்ணாச்சியைப் பார்த்தேன். “என்னையப் பாக்காதீரும், நீள இழைதான் நூலுக்கு வேணும்” என்றார்.

பிறகுதான் இளஞ்சிவப்புப் புழு. இதன் சரித்திரம் பழையது. அறிவியலுக்கு இது முதலில் அறிமுகமானதே 1843இல், குஜராத்தின் பரூச்சிலிருந்து போன மாதிரிகளை வைத்து. திரும்பி வந்ததும் குஜராத்தில்தான். அங்கே நாலு மாவட்டங்களில் இந்தப் புழு முதல் தலைமுறை பி.டி.யைத் தின்றுவிட்டுப் பிழைத்திருக்கிறது என்று 2010 மார்ச்சில் மான்சாண்டோவே அறிவித்தது. அதற்குள், 2006இலிருந்தே, இரண்டு மரபணு போட்ட போல்கார்டு-2 சந்தையில் இருந்தது. இன்னும் ஐந்தாறு வருஷத்தில் குஜராத்தில் அதுவும் போயிற்று. 2017இல் விதர்பா முழுக்க டோம்களி.

புழு எப்படித் தேறியது? இந்த இடத்தில் காகா கொஞ்சம் கூச்சப்பட்டார். 450 கிராம் பாக்கெட்டோடு 120 கிராம் சாதாரண விதை ஒன்று தனியாகக் கொடுத்தார்கள். அதைக் காட்டைச் சுற்றி ஐந்து வரிசையாவது போட வேண்டியிருந்தது. அது புழுவுக்கு விட்டுக்கொடுக்கிற பங்கு. நஞ்சுக்குத் தப்பிய ஒன்றிரண்டு அந்துப்பூச்சிக்கு, அந்தச் சாதாரணச் செடியில் வளர்ந்த பூச்சி ஜோடியாகக் கிடைக்கும். பிறக்கிற குஞ்சு நஞ்சுக்குச் சாகும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். “காசு கொடுத்துப் புழுவுக்குச் சோறு போடவா?” என்று காகா அந்தப் பாக்கெட்டுகளைத் தூர எறிந்தார். ஊரே எறிந்தது. எட்டு ஏக்கர்க்காரனிடம் பூச்சிக்குப் பங்கு விடு என்று சொன்னால் வேறென்ன செய்வான்? விற்றவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

இன்னொரு விஷயம் விவசாயி கையில் இல்லாதது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. மற்ற பல நாடுகளில் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகங்களில் வைத்தார்கள். இங்கே வீரிய ஒட்டில் வைத்தார்கள். வீரிய ஒட்டு என்றால் விதையை எடுத்து வைத்து மறுவருஷம் விதைக்க முடியாது. விற்பவருக்கு வசதி. ஆனால் அந்தச் செடியின் காய்க்குள் இருக்கும் விதைகள் ஒரே மாதிரி இருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த மெண்டலின் பட்டாணிக் கணக்குதான். இரண்டு மரபணு போட்ட செடியில் 16 விதைக்கு 9இல் இரண்டு நஞ்சும் இருக்கும், 6இல் ஏதாவது ஒன்று மட்டும், 1இல் எதுவுமே இல்லை. இளஞ்சிவப்புப் புழுவுக்கு விதைதான் சாப்பாடு. ஒரே காய்க்குள் விஷம், அரை விஷம், வெறும் விதை என்று கலந்து பந்தி வைத்தால் புழு பழகிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

காகா ஒரு காயை முறித்துக் காட்டினார். நாலு சுளையில் ஒன்று மஞ்சள் பாரித்து இறுகிப்போய் வெடிக்க மறுத்திருந்தது. இரண்டு விதைகளை ஒட்டவைத்து அதற்குள் படுத்திருந்தது, நன்றாகச் சிவப்பேறிய புழு. வெளியே அது போன ஓட்டை தேடினாலும் தெரியவில்லை. உள்ளே போய்விட்ட பிறகு எந்த மருந்து அடித்தாலும் அதன் மேல் படாது. ஆனாலும் அடிக்கிறார்கள். கைகட்டிக்கொண்டு பார்த்திருக்க மனசு வராது. அண்ணாச்சி அந்தச் சுளையை விரலில் உருட்டி, “கவடி” என்று கீழே போட்டார். சொத்தைப் பருத்திக்கு இங்கத்திய பெயர். கவடி கலந்தால் விலை இறங்கும்.

*

மறுநாள் பக்கத்து ஊர்க் கிருஷி கேந்திராவுக்குப் போனோம். விதை, உரம், மருந்து எல்லாம் ஒரே கடை. டப்பாக்களின் அடியில் முக்கோணங்கள், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு என்றால் கொடும் விஷம், பச்சை என்றால் குறைந்தது. கடைக்கு வந்த ஒருவர் செல்போனில் இலையின் படம் காட்டினார். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை, மூன்று டப்பாக்களை எடுத்து வைத்து “சேர்த்து அடி” என்றார். கேட்டவரும் பேசாமல் பையில் போட்டுக்கொண்டார். கடனுக்குத் தருகிறவர் சொல்வதுதான் வைத்தியம்.

ஒரு டப்பாவோடு வரும் துண்டுத்தாளை வாங்கிப் பிரித்தேன். பல மடிப்பு, பல மொழி. தமிழும் இருந்தது. கண்ணாடியைப் போட்டும் எழுத்து பிடிபடவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. கையுறை, முகமூடி, காற்றடிக்கும் திசை எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறது. யவத்மாலில் கூலிக்கு மருந்தடிக்கப் போகிறவர் அந்தி வெயிலில் இதை வாசிப்பதாக நினைத்துப் பார்த்தேன்.

2017இல் இந்த மாவட்டத்தில் மருந்தடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள், பலருக்குக் கண் தெரியாமல் போய்ப் பிறகு திரும்பியது. அந்த வருஷம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள், அடித்தது அவர்கள் மேலேயே இறங்கியது. புது பேட்டரி ஸ்பிரேயர் மருந்தைப் புகையாகப் பிரித்தது. மோனோகுரோட்டோபாஸ், புரோபெனோபாஸ் என்று இரண்டு மூன்றைக் கலந்திருந்தார்கள். அதே பருவத்தில் நம் பெரம்பலூரிலும் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இறந்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்பு ஸ்பிரேயருக்கு விடை கொடுத்ததாகச் சொன்ன அதே பயிர்.

நாக்பூரில் இருக்கும் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கே.ஆர். கிராந்தியும், அமெரிக்க மானிடவியலாளர் கிளென் டேவிஸ் ஸ்டோனும் 2020இல் ‘நேச்சர் பிளான்ட்ஸ்’ இதழில் இருபது வருஷக் கணக்கையும் சேர்த்துப் போட்டார்கள். ஹெக்டேருக்குப் பூச்சிக்கொல்லிச் செலவு முதலில் சரிந்திருக்கிறது, பிறகு ஏறி 2018இல் பி.டி.க்கு முந்தைய செலவைவிட 37 விழுக்காடு அதிகமாகியிருக்கிறது. மகசூல் ஏறியதில் உரத்துக்கும் நீருக்கும் பங்கு உண்டு, எல்லாவற்றையும் மரபணுவின் கணக்கில் எழுதாதீர்கள் என்றும் சொன்னார்கள். கைம் சொன்னதும் நிஜம், கிராந்தி சொன்னதும் நிஜம். கோட்டை எந்த வருஷத்தில் கிழிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இதனால் மரபணுதான் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதே புழுவை அமெரிக்கா 2018இல் தன் பருத்திக் காடுகளிலிருந்து அடியோடு ஒழித்துவிட்டதாக அறிவித்தது. அங்கேயும் பி.டி.தான் போட்டார்கள். கூடவே மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கொட்டினார்கள், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தார்கள், செடியை நேரத்தோடு அழித்தார்கள், அத்தனை விவசாயிகளும் ஒன்றாகச் செய்தார்கள். நமக்கு விதை மட்டும் பாக்கெட்டில் வந்தது.

*

அன்று சாயங்காலம் காகாவின் தம்பி மகன் வந்தான். பேச்சு களைக்குத் திரும்பியது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் இந்தப் பக்கமெல்லாம் ‘சோர் பி.டி.’ ஓடுகிறது. திருட்டு பி.டி. களைக்கொல்லியைத் தாங்கி நிற்கும் பருத்தி. அரசு அனுமதி இல்லை. 2019 ஜூனில் அகோலா மாவட்டத்து அகோலி ஜஹாங்கீரில் ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் பந்தல் போட்டுப் பகிரங்கமாகவே விதைத்தார்கள். கிளைபோசேட்டை அடித்தால் புல் கருகும், பருத்தி நிற்கும். “நாலு நாள் வேலை ஒரு மணி நேரத்துல முடியுது” என்றான். அவன் சொன்னதிலும் தப்பில்லை. குனிந்து களை வெட்டியவர்களுக்குத்தான் முதுகுவலி தெரியும்.

அமெரிக்கச் சோயா விவசாயிகளையும் மக்காச்சோள விவசாயிகளையும் 1998 முதல் 2011 வரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. புழுவைக் கொல்லும் மக்காச்சோளம் போட்டவர்கள் பூச்சிக்கொல்லியை 11 விழுக்காடு குறைத்திருந்தார்கள். களைக்கொல்லி தாங்கும் சோயா போட்டவர்கள் மற்றவர்களைவிட 28 விழுக்காடு அதிகம் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். களையும் புழுவைப் போலத்தான், பழகிக்கொள்ளும். அவனிடம் இதைச் சொன்னேன். “அது வர்றப்ப பார்த்துக்கலாம்” என்று சிரித்தான். காகா சிரிக்கவில்லை. அவர் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தவர்.

*

விலை ஏறும் என்று எடுத்த பருத்தியைக் காகா விற்காமல் முன்னறையில் கூரை தொடக் குவித்திருந்தார். அந்தக் குவியல் பக்கத்தில்தான் எங்களுக்குப் படுக்கை. ராத்திரி முழுக்க உடம்பில் நமைச்சல். காலையில் பார்த்தால் வெள்ளையடித்த சுவரில் ஏழெட்டு சிவப்புப் புழுக்கள், சாவகாசமாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, மாட்டிக்கொண்டார்.

டீ குடிக்கும்போது காகாவிடம் கேட்டேன், இந்த வருஷம் செடியை எப்போது பிடுங்குவீர்கள் என்று. விவசாய அதிகாரிகள் தொண்டை வற்றச் சொல்வது அதுதான். டிசம்பரோடு முடித்துவிடுங்கள், ‘ஃபர்தட்’ விடாதீர்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி, செடியைத் திரும்பத் துளிர்க்கவிட்டு, பிப்ரவரி மார்ச் வரை இன்னொரு சுற்று எடுப்பதற்குப் பெயர் ஃபர்தட். நம் கரும்பு மறுதாம்பு மாதிரி. செலவில்லாமல் நாலு குவிண்டால் வரும். புழுவுக்கும் இடைவெளியில்லாமல் சாப்பாடு கிடைக்கும், அடுத்த ஜூன் வரை அது தூங்க வேண்டியதே இல்லை. பருத்தியை விட்டால் இந்தப் புழுவுக்கு வேறு சாப்பாடு அனேகமாகக் கிடையாது. ஊரே சேர்ந்து நாலைந்து மாதம் காட்டைக் காலியாகப் போட்டால் ஸ்பிரேயருக்குப் பாதி வேலை குறையும்.

“டிசம்பர் முப்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது” என்றார் காகா, வெட்டுவது போல் கையை வீசி.

அடுப்படியிலிருந்து மருமகள் ஏதோ சொன்னாள். காகா கேட்காத மாதிரி டீயை உறிஞ்சினார். என்னவென்று அண்ணாச்சியைக் கேட்டேன்.

“போன வருஷமும் இதே தேதியத்தான் சொன்னாராம்.”